பனி உருகும் மலையேரியில் உப்பு ஏன் கூடுகிறது?

பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவத்தில் வேதியியல் பயிலும் மாணவர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். பனி உருகி ஏரிக்கு வந்து சேரும் நீர் ஏறத்தாழ காய்ச்சி வடித்த நீரளவுக்குத் தூயது. ஆகவே புவி வெப்பமடைய வெப்பமடைய மலையேரிகளின் நீர் மேலும் நீர்த்துப்போகத்தானே வேண்டும், பல இடங்களில் கரைந்த உப்புகள் கூடிவருவதாகச் சொல்கிறார்களே, அது எப்படி என்பது முதல் கேள்வி. பனி பெய்யும் மலையேரி ஒன்றுகூட இல்லாத மலேசியாவில் வாழும் நமக்கு இதனால் என்ன என்பது இரண்டாவது. பினாங்கில் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இரண்டுக்கும் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். முதல் கேள்வி மிக நல்ல கேள்வி. இத்துறை ஆய்வாளர்களையே வியப்பில் ஆழ்த்திய கேள்வி.

ஏரி என்றவுடன் நாம் அதன் நீர்ப்பரப்பை மட்டும் நினைக்கிறோம். வேதியியல் நோக்கில் ஏரி என்பது அதற்கு மேலே உள்ள சரிவுகள், அங்குள்ள பாறை, மண், பனி, செடிகொடி ஆகிய அனைத்தும் சேர்ந்து அனுப்பி வைத்த பொருள்களின் தொகுப்பு. அந்த மொத்த நிலத்தைத்தான் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். வெப்பம் கூடும்போது ஏரிநீர் சூடாவது உண்மைதான். ஆனால் மலையேரிகளைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் நீரில் தொடங்குவதில்லை, நீருக்கு மேலே உள்ள நிலத்தில் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உறைந்து, காற்றும் நீரும் தீண்டாமல் கிடந்த பாறை திறந்துகொள்கிறது. நீங்கள் கேட்ட உப்பு அங்கிருந்துதான் வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள முதலில் பாறைக்கும் நீருக்கும் உள்ள உறவைப் பார்க்க வேண்டும். அதற்கு நமக்கு வெளிநாடு செல்லத் தேவையில்லை. தைப்பூசத்துக்கு நாம் ஏறும் இரண்டு மலைகளே போதும். பினாங்குத் தண்ணீர்மலை கருங்கல் மலை. இந்தத் தீவே பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. கருங்கல்லில் உள்ள குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் மிக மெதுவாகவே கரைகின்றன. அதனால் இங்குள்ள ஓடைநீர் மென்னீர், அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு, அமிலம் வந்து சேர்ந்தால் அதை ஈடுசெய்யும் ஆற்றலும் குறைவு. கோலாலம்பூரை அடுத்த பத்துமலையோ சுண்ணாம்புக்கல். மழைநீரில் கரைந்த கரிவளி தரும் மெல்லிய அமிலமே அந்தக் கல்லைக் கரைத்துக் குகை குடைந்துவிட்டது. அப்படிப்பட்ட மலையிலிருந்து வரும் நீர் கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்த கடினநீர், அமிலம் எவ்வளவு வந்தாலும் பெருமளவு தாங்கிக்கொள்ளும். உயர மலையேரிகளில் பல, கருங்கல், நைஸ், சிஸ்ட் போன்ற கடும்பாறைகளின்மேல் அமைந்தவை. அவை தண்ணீர்மலை வகையைச் சேர்ந்தவை. அவற்றின் நீரில் கரைபொருள் மிகக் குறைவாக இருப்பதால், நிலத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் அந்நீரில் உடனே தெரிந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் அந்த ஏரிகளைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம்.

ஆஸ்திரிய ஆய்வாளர்கள் மத்திய ஆல்ப்ஸில் உள்ள 57 ஏரிகளின் நீரை 1985இல் ஆராய்ந்தார்கள். அதே ஏரிகளை 1995இல் மீண்டும் ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் எல்லோருடைய கவலையும் அமில மழை பற்றியது. ஆகவே ஏரிகள் மேலும் அமிலமாகியிருக்கும் என்றோ, மழையின் தன்மை திருந்திய அளவுக்குத் தாமும் திருந்தியிருக்கும் என்றோதான் எதிர்பார்க்க முடியும். மழை மாற்றத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாத அளவுக்கு அந்த ஏரிகளின் பிஎச் மதிப்பு உயர்ந்திருந்தது, அதாவது அமிலத்தன்மை குறைந்திருந்தது. கால்சியம், மெக்னீசியம் முதலிய உப்பு அயனிகளும் சிலிக்காவும் கூடியிருந்தன. அந்தப் பத்தாண்டில் அப்பகுதியின் காற்று வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரி உயர்ந்திருந்தது. பனிமூடிய நாள்கள் குறைந்ததால் மண்ணும் பாறையும் நீருடன் நீண்ட நாள் தொட்டுக்கொண்டிருந்தன, மண்ணில் நுண்ணுயிர்கள் கூடுதலாக இயங்கிக் கரிவளியை வெளிவிட்டன, பாறைச் சிதைவு விரைந்தது, சிதைவில் பிறந்த உப்புகள் அமிலத்தை ஈடுசெய்தன என்பது அவர்கள் தந்த விளக்கம். 1997இல் வெளியான இந்த முடிவு, ஏரியின் வேதியியலைத் தீர்மானிப்பது வானிலிருந்து விழுவது மட்டுமல்ல, காற்றின் வெப்பமும்தான் என்பதை முதன்முதலில் தெளிவாக உணர்த்திய முடிவுகளில் ஒன்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சூடு கூடினால் எல்லாப் பாறையும் கூடுதலாகக் கரையும் என்று பொதுப்படையாகச் சொல்லிவிட முடியாது. சிலிக்கேட்டுப் பாறைகளின் சிதைவு சூட்டில் விரைவது உண்மை. சுண்ணாம்புக்கல்லோ குளிர்நீரில்தான் கூடுதலாகக் கரையக்கூடியது, ஏனெனில் குளிர்நீரே கரிவளியைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் சூடான மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரிவளி கூடுவதால், சுண்ணாம்புக்கல் சூழ்ந்த ஏரிகளிலும் பைகார்பனேட்டு கூடுவது உண்டு. இரண்டு விளைவுகள் எதிரெதிராக இழுக்கும்போது எது வெல்லும் என்பதை அந்தந்த மலையின் மண்தான் முடிவு செய்கிறது.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இத்தாலியின் தென்திரோல் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 2,682 மீட்டர் உயரத்தில், ராசாஸ் என்றொரு சிறிய ஏரி இருக்கிறது. அதன் சரிவில் பாறைப் பனியாறு ஒன்று கிடக்கிறது. பாறைப் பனியாறு என்பது வெண்மையாகப் பளபளக்கும் வழக்கமான பனியாறு அன்று; பார்ப்பதற்கு வெறும் கற்குவியல் போலவே இருக்கும். கற்களின் இடுக்குகளில் பனிக்கட்டி உறைந்து, கல்லும் பனியும் ஒரே திரளாகச் சரிவில் மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். மேலே மூடியிருக்கும் கற்கள் வெயிலைத் தடுப்பதால் உள்ளிருக்கும் பனி நெடுங்காலம் உருகாமல் இருக்கும். சுற்றிலும் வெப்பம் கூடியபோது அந்தப் பனியும் உருகத் தொடங்கியது. 1985 முதல் இருபது ஆண்டுகளில் ராசாஸ் ஏரிநீரின் மின்கடத்துதிறன் 18 மடங்காயிற்று. மின்கடத்துதிறன் என்பது நீரில் கரைந்துள்ள மொத்த அயனிகளின் அளவைக் காட்டும் எளிய அளவை என்பதை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். தனித்தனியே பார்த்தால் மெக்னீசியம் 68 மடங்கு, சல்பேட்டு 26 மடங்கு, கால்சியம் 13 மடங்கு. இவற்றைவிடத் திகைக்க வைத்தது நிக்கல்: குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் பத்து மடங்குக்கும் மேல் அந்த ஏரியில் இருந்தது. மேலே தொழிற்சாலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. அந்த நிக்கலை அப்பகுதியின் பாறை வகையைக் கொண்டு மட்டும் விளக்க முடியவில்லை என்று 2007இல் அந்த ஆய்வை வெளியிட்டவர்களே எழுதினார்கள். ஆஸ்திரியாவில் சோல்டன் ஊருக்கு மேலே 2,796 மீட்டர் உயரத்தில் உள்ள மற்றோர் ஏரியிலும் இதே காலத்தில் மின்கடத்துதிறன் 3 மடங்கானது. அங்கும் சரிவில் பாறைப் பனியாறு இருக்கிறது. பாறைப் பனியாறு இல்லாத பக்கத்து ஏரிகளில் இவ்வளவு பெரிய மாற்றம் இல்லை. காற்றும் மழையும் எல்லா ஏரிகளுக்கும் பொதுவாக இருக்க, சரிவில் கிடந்த அந்தக் கற்குவியல்தான் வேறுபாட்டை உண்டாக்கியது.

அங்கே வேதியியலாக என்ன நடக்கிறது? உறைந்த நிலத்துக்குள் இருக்கும் பாறைத்துகள்களில் பைரைட்டு என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் சிறிதளவேனும் இருப்பது வழக்கம். பனிக்கட்டி சூழ்ந்திருக்கும் வரை அதற்கு உயிர்வளியும் ஓடும் நீரும் கிடைப்பதில்லை. பனி உருகியதும் இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன. பைரைட்டு ஆக்சிகரணமடைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகவும் கந்தக அமிலமாகவும் மாறுகிறது. ஒரு பைரைட்டு அலகு முழுவதும் ஆக்சிகரணமடைந்தால் இரண்டு கந்தக அமில மூலக்கூறுகள் பிறக்கின்றன. அதோடு பனியாறு தேய்த்து அரைத்த மாவு போன்ற பாறைத்துகளின் பரப்பளவு மிகப் பெரிது; பரப்பு கூடினால் வினை விரையும் என்பது நீங்கள் அறிந்ததே. அந்த அமிலம் பக்கத்தில் உள்ள மற்றக் கனிமங்களைத் தாக்கிக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுக்கிறது. தாக்குப்பிடிக்கும் கனிமம் போதுமான அளவு இருந்தால் ஏரிக்கு வரும் நீர் அமிலமாக இராது, சல்பேட்டு நிறைந்த உப்புநீராக மட்டும் இருக்கும். ஈடுசெய்யும் கனிமம் தீர்ந்துபோனால் பிஎச் மதிப்பு சரிகிறது, அலுமினியம், நிக்கல், துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை கரைந்து வெளியேறுகின்றன.

இந்த வினை நமக்கு அயலானதன்று. தீபகற்பத்தின் மேற்குக் கரையோரச் சதுப்புகளை வடிகால் வெட்டிக் காயவைத்து விவசாயம் தொடங்கியபோது, மண்ணுக்குள் நீரில் மூழ்கிக் கிடந்த பைரைட்டு காற்றைக் கண்டு கந்தக அமிலமாக மாறியது. கெடாவிலும் சிலாங்கூரிலும் அமிலச் சல்பேட்டு மண் உள்ள வயல்களில் சுண்ணாம்பு இட்டுத்தான் பயிர் செய்ய வேண்டியிருக்கிறது. அங்கே காற்றைத் தடுத்து வைத்திருந்தது தேங்கிய நீர். ஆல்ப்ஸில் தடுத்து வைத்திருந்தது பனி. தடை நீங்கியபின் வினை ஒன்றே.

இந்த விளக்கம் சரியானதுதானா என்று சோதிக்க அமெரிக்காவின் கொலராடோ நல்ல இடம். அங்கே 1990க்குப் பிறகு தூய காற்றுச் சட்டத் திருத்தங்களால் மழையில் வரும் சல்பேட்டு குறைந்தது. மழையில் குறைந்தால் ஏரியிலும் குறைய வேண்டும். ஆனால் உயர மலையேரிகள் பலவற்றில் சல்பேட்டு குறையவில்லை, சிலவற்றில் கூடியது. வானிலிருந்து வரவில்லை என்றால் நிலத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பைரைட்டுச் சிதைவுதான் அதற்குப் பொருந்துகிறது. அதே மாநிலத்தில் ஸ்னேக் ஆற்றின் மேற்பகுதியில், இயற்கையாகவே கனிமம் செறிந்த சரிவில், கோடைக்காலத் துத்தநாக அளவு 30 ஆண்டுகளில் நான்கு மடங்கானது. நேபாளத்தில் கும்பு பள்ளத்தாக்கில் 5,000 மீட்டருக்கு மேலே உள்ள சிறு ஏரிகளை இத்தாலிய ஆய்வாளர்கள் 1990களிலிருந்து கவனித்து வருகிறார்கள். அவற்றிலும் சல்பேட்டுதான் முன்னே நின்று கூடிவருகிறது. பெருவின் கோர்டில்லேரா பிளாங்கா மலைத்தொடரில் பனியாறு பின்வாங்கிய இடங்களில் வெளிப்பட்ட பாறையால் நீர் செந்நிறமாகவும் அமிலமாகவும் மாறி, கீழே உள்ள உழவர்கள் நாணல் வளர்த்த சதுப்புத் தொட்டிகளின் வழியாக அந்நீரைச் செலுத்தித் தூய்மைப்படுத்த முயன்றுவருகிறார்கள். இவ்வளவு தொலைவில் உள்ள இடங்களில் ஒரே அயனி கூடுவது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் துணிபு.

பனி தூயது என்ற உங்கள் தொடக்கக் கருத்தும் முழுவதும் சரியன்று. நீர் உறையும்போது பனிப்படிகம் கரைபொருள்களை வெளியே தள்ளிவிடுகிறது. அவை பனித்துகள்களின் மேற்பரப்பிலும் இடுக்குகளிலும் சேர்ந்துவிடும். ஆகவே உருகத் தொடங்கும்போது அவைதான் முதலில் கழுவப்பட்டு வெளியேறும். நம் ஊர் ஐஸ் கச்சாங்கில் பாகு ஊற்றிச் சற்று நேரம் விட்டால், கிண்ணத்தின் அடியில் முதலில் இறங்குவது கெட்டிப் பாகாக இருப்பதும் மேலே எஞ்சிய பனி வெளுத்துப்போவதும் இதே முறையில்தான். உருகுநீரின் முதல் 30 விழுக்காட்டிலேயே, பனிக்காலம் முழுவதும் சேர்ந்த மாசுகளில் 50 முதல் 80 விழுக்காடு வரை வெளியேறிவிடுவதாக நார்வேயில் 1970களில் செய்த ஆய்வு காட்டியது. வசந்தத் தொடக்கத்தில் ஓரிரு வாரத்துக்கு ஓடைநீர் திடீரென அமிலமாகி மீன்குஞ்சுகள் மடிவதற்கு இதுவே காரணமாக இருந்தது. வெப்பம் கூடும்போது மாசுகள் இப்படி ஒருசேர வெளியேறுவது முன்கூட்டியே நிகழ்கிறது. குளிர்காலத்தின் நடுவிலேயே சிறிது சிறிதாக உருகினால் பிளவுபட்டும் நிகழ்கிறது.

பழைய பனிக்குள் பழைய மாசு இருக்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் ஓபரார் என்ற ஏரி 1953இல் அணை கட்டி உண்டாக்கப்பட்டது. பனியாற்றின் உருகுநீரே அதன் நீர். அதன் அடிவண்டலை அடுக்கடுக்காக வெட்டியெடுத்து ஆராய்ந்தபோது, பூச்சிக்கொல்லியான டிடிடி, தொழிற்சாலைப் பொருளான பிசிபி முதலிய நெடுங்காலம் அழியாத வேதிப்பொருள்கள் 1960களிலும் 1970களிலும் உச்சத்தில் இருந்து, தடைகள் வந்தபின் குறைந்து, 1990களிலிருந்து மீண்டும் கூடியிருந்தன. யாரும் புதிதாகத் தெளிக்கவில்லை. முன்பு காற்றில் வந்து பனியாற்றில் படிந்தவை பனியாற்றோடு கீழிறங்கி, இப்போது உருகி ஏரிக்கு வந்துவிட்டன. வண்டலின் அடுக்குகளுக்குள் நம் தலைமுறையின் பயன்பாடும் தடையும் மறுவரவும் வரிசையாக எழுதப்பட்டிருப்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நைட்ரேட்டு, பாஸ்பரஸ் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். பனியாறும் பாறைப் பனியாறும் உருகும் சரிவுகளில் நைட்ரேட்டு கூடுவது கொலராடோவின் ராக்கி மலைகளில் பதிவாகியிருக்கிறது. பனி முற்றாக நீங்கி, மண் உருவாகி, புல்லும் புதரும் ஏறிவிட்டால் அவை நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்வதால் அது மறுபடி குறையும். அப்போது அழுகிய இலைதழையிலிருந்து வரும் கரிமப்பொருள் நீரைப் பழுப்பாக்கும். பழுப்பு நீர் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், சூட்டை மேற்பரப்பில் பிடித்து வைக்கும். ஆக, ஒரே ஏரி ஐம்பது ஆண்டு இடைவெளியில் நேர்மாறான இரண்டு மாற்றங்களைக் காட்டக்கூடும்.

எல்லா ஏரியிலும் உப்பு கூடுகிறது என்றும் நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. திபெத்தியப் பீடபூமியின் உட்பகுதியில் வெளிவாய் இல்லாத உப்பேரிகள் ஏராளம். 1990களின் பிற்பகுதியிலிருந்து மழை கூடியதாலும் பனியாறு உருகியதாலும் அவற்றில் பல பரந்து விரிந்துவிட்டன. நீர் கூடியதால் உப்புச்செறிவு குறைந்துவருகிறது. நீங்கள் எதிர்பார்த்தது அங்கே நடக்கிறது. கயிலாய யாத்திரை சென்று வந்தவர்கள் 4,590 மீட்டர் உயரத்தில் உள்ள மானசரோவரின் நீர் நன்னீராகவும், மிக அருகில் உள்ள இராட்சச தாலின் நீர் உவர்ப்பாகவும் இருப்பதைச் சொல்வார்கள். ஒரே வானம், ஒரே குளிர், பக்கத்துப் பக்கத்து ஏரி. ஆயினும் நீர் வேறு. நீர் எவ்வழியாக வருகிறது, எவ்வழியாக வெளியேறுகிறது, எவ்வளவு காலம் தங்குகிறது என்பவை வெப்பநிலை அளவுக்கே முக்கியமானவை. இதனால்தான் எந்த மலையேரி பற்றியும் ‘வெப்பத்தால் இப்படி ஆகும்’ என்று அதன் நிலத்தைப் பாராமல் சொல்லிவிடுபவர்களை நான் நம்புவதில்லை.

நிலத்தைப் பற்றி இவ்வளவு சொன்னபின், ஏரிநீரே சூடாவதன் விளைவுக்கு வருகிறேன். நம் நாட்டுக்கு நெருக்கமான பகுதி இதுதான். கடல்மட்டத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 14.6 மில்லிகிராம் உயிர்வளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 10 டிகிரியில் 11.3, 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் 7.6 மட்டுமே. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு என்பதால் அங்கே கரையும் உயிர்வளியும் அதே அளவு குறையும். ஆனால் இதைவிடப் பெரிய கேடு அடுக்கமைவால் வருகிறது. சூடான மேல்நீர் இலேசாக மிதக்க, குளிர்ந்த அடிநீர் கனமாகக் கீழே தங்கிவிடும். காற்றும் குளிரும் இரண்டையும் கலக்காத வரை அடிநீருக்குப் புதிய உயிர்வளி கிடையாது. பனிமூடிய காலம் குறைந்து கோடை நீளும்போது இந்த அடுக்கமைவும் நீள்கிறது. மிதவெப்ப மண்டலத்தின் 393 ஏரிகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி, 1980 முதல் மேல்நீரின் உயிர்வளி 5.5 விழுக்காடும் அடிநீரின் உயிர்வளி 18.6 விழுக்காடும் குறைந்துவிட்டன. மேலே குறைந்ததற்குப் பெருமளவு காரணம் கரைதிறன். கீழே அதைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாகக் குறைந்ததற்குக் காரணம் கலக்காமை.

அடிநீரில் உயிர்வளி தீர்ந்ததும் வண்டலின் வேதியியல் தலைகீழாகிறது. அதுவரை இரும்பு ஹைட்ராக்சைடு பாஸ்பேட்டைத் தன்னோடு பிணைத்து அடியில் இருத்தியிருந்தது. உயிர்வளி இல்லாத நிலையில் இரும்பு ஒடுக்கமடைந்து கரைகிறது, பிணைந்திருந்த பாஸ்பேட்டு விடுபடுகிறது, மாங்கனீசு கரைகிறது, அம்மோனியம் சேர்கிறது, முடிவில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் பிறக்கின்றன. பிறகு ஒருநாள் பலத்த காற்றோ கனமழையோ ஏரியைக் கலக்கினால் இவையெல்லாம் மேலே வருகின்றன. நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பணியாற்றியவர்களுக்கு இந்த நாள் நன்றாகத் தெரியும்: நேற்று வரை தெளிவாக வந்த அணைநீர் இன்று மங்கிய பழுப்பாக, அழுகிய முட்டை மணத்தோடு வரும், அன்று குளோரின் தேவை கூடும், வடிகட்டியில் மாங்கனீசு கறுப்பாகப் படியும்.

வெப்பமண்டலத்தில் இந்த அடுக்கமைவு ஏன் கூடுதல் பிடிவாதமானது என்பதற்கு ஓர் எண் போதும். நீர் 24 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குச் சூடேறும்போது ஏற்படும் அடர்த்திக் குறைவு, 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குச் சூடேறும்போது ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு. அதாவது நம் பக்கத்து ஏரிகளில் மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வேறுபாடே பெரிய தடுப்பாகிவிடும். மேற்பரப்பு இன்னும் சிறிது சூடானால் தடுப்பு மேலும் வலுக்கும்.

மலேசியாவில் இயற்கை மலையேரி இல்லை என்பது சரி. ஆனால் பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்தால் சுமத்ராவில் தோபா ஏரி இருக்கிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், 500 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தோடு. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் அந்த எரிமலை வெடித்தபோது பறந்த சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் படிந்து கிடக்கிறது. அந்த ஏரியில் மிதவைக் கூண்டுகளில் திலாப்பியா மீன் வளர்க்கிறார்கள். 2016இல் ஹரங்காவுல் பகுதியில் கூண்டுமீன்கள் பெருந்தொகையாக மடிந்தன. 2018இல் சமோசிர் பக்கத்திலும் அவ்வாறே நடந்தது. உயிர்வளிக் குறைவே காரணமாகச் சொல்லப்பட்டது. இதை வெப்பமயமாதலின் மேல் மட்டும் போட்டுவிடுவது நேர்மையன்று: கூண்டுகளின் நெருக்கமும், தீனியிலிருந்தும் ஊர்க் கழிவிலிருந்தும் சேரும் பாஸ்பரசும் நைட்ரஜனும்தான் அடிநீரின் உயிர்வளியைத் தின்கின்றன. ஆனால் அதே அளவு கழிவைக் கலங்கும் ஏரி ஓரளவு தாங்கும், கலங்காத ஏரி தாங்காது. வெப்பம் அந்தத் தாங்குதிறனைக் குறைக்கிறது. ஆகவே தோபாவில் முதலில் குறைக்க வேண்டியது கழிவுதான் என்பது என் கருத்து. காற்று வெப்பநிலையை ஊர்மக்கள் மாற்ற முடியாது, கூண்டுகளின் எண்ணிக்கையை மாற்ற முடியும்.

நம் நாட்டு மலைகளில் இருப்பவை அணை நீர்த்தேக்கங்கள். ஆயர் ஈத்தாம் அணையும் தெலுக் பஹாங் அணையும் கேமரன் மலையின் ரிங்லெட் நீர்த்தேக்கமும் மேலே சொன்ன அடுக்கமைவு விதிக்கு உட்பட்டவையே. கேமரன் மலையில் பாறை திறப்பதற்குப் பனி உருக வேண்டியதில்லை. காட்டை வெட்டிச் சரிவைத் திறந்தாலே போதும். கனமழையில் அந்த மண்ணும் அதிலுள்ள உரமும் நேரே நீர்த்தேக்கத்துக்கு வந்துவிடுகின்றன. வெப்பமான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்குவதால் மழை அடித்துப் பெய்யும் நாள்கள் கடுமையாகும்போது இது மேலும் கூடும்.

நீங்கள் பள்ளி ஆய்வுத்திட்டத்துக்கு இதையே எடுத்துக்கொள்ள எண்ணுவதாக எழுதியிருந்தீர்கள். அணைநீரைத் தொட அனுமதி வேண்டும். அதற்குக் காத்திராமல் ஆயர் ஈத்தாம் அடிவார ஓடை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வறண்டிருக்கும் பிப்ரவரியிலும், கனமழை பெய்யும் அக்டோபரிலும், அதே இடத்தில், நாளின் அதே வேளையில் மின்கடத்துதிறன், பிஎச், வெப்பநிலை, கரைந்த உயிர்வளி நான்கையும் அளவிடுங்கள். மின்கடத்துதிறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு தானாகவே கூடும்; ஆகவே கருவி 25 டிகிரிக்குத் திருத்திக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையெனில் நீர் சூடானதையே உப்பு கூடியதாக எழுதிவிடுவீர்கள். நம் கருங்கல் ஓடைகளின் நீரில் அயனி குறைவு என்பதால், பிஎச் கருவியின் காட்டி நிலைகொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், அவசரப்படாதீர்கள். சல்பேட்டுக்கும் காரத்தன்மைக்கும் எடுக்கும் நீரைப் போத்தலின் விளிம்பு வரை, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, பனிப்பெட்டியில் வைத்து அன்றே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். முதல் அளவீடுகள் கைக்கு வந்ததும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.